இன்னா பேரு போட்றது?

சேக்காட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சகோதரி மாட்டுக்கறி ஊறுகாய் போடுகிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் பல வருஷம் தையல் மிஷின் முன்னால் குந்தியவர். இடுப்பு போச்சு, பின்னாலேயே வேலையும் போச்சு. கையில் மிச்சமிருந்தது அவருடைய ஆயா சொல்லிக்கொடுத்த பக்குவம் ஒன்றுதான். கறியைச் சின்னச் சின்னதாய் நறுக்கி, உப்பு மஞ்சள் போட்டு வேகவைத்து, தண்ணி சுண்டியதும் நல்லெண்ணெயில் வறுத்து, காரமும் புளிப்பும் ஏற்றி ஆறவைத்து பாட்டிலில் அடைக்கிறார். அக்கம்பக்கத்தில் தந்தார், தீர்ந்துபோனது. பி.காம். படிக்கிற பிள்ளை, "ஆன்லைன்ல போடலாம்மா, ஊரு முழுக்க வாங்குவாங்க" என்றான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் பிள்ளையுமாக என்னிடம் வந்தார்கள். லேபிள் அச்சடிக்க வேண்டும். பத்திரிகை நடத்துகிறவனுக்கு நாலு வார்த்தை தெரிந்திருக்கும் என்கிற நம்பிக்கை.

"ண்ணா, பாட்டில்ல இன்னா பேரு போட்றது?"

பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த காரியம் மூன்று வாரம் இழுத்தது. இந்த இதழின் தலையங்கமும் அதுவாகவே ஆகிவிட்டது. தோழர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஊறுகாய் பாட்டிலைப் பற்றித் தலையங்கமா என்று சிரிக்கிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நடந்தது இது. பிள்ளை ஒரு பெரிய ஆன்லைன் கடையில் பதிவு செய்யப் போனான். பொருளின் பெயர் கேட்ட இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினான். ஏற்க முடியாது என்று பதில் வந்தது. தொலைபேசியில் பேசிய ஆள் நல்லவர்தான், வழியும் சொல்லிக்கொடுத்தார்: "மட்டன்னு போட்டுடுங்க சார், இல்லன்னா வெறுமனே கிராமத்து ஊறுகாய்னு போடுங்க." படம் எடுத்துத் தந்த பையனும் அதையே சொன்னான். பார்சல் எடுக்கும் கடையில் உட்கார்ந்திருந்தவர், "உள்ள இன்னா?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் பெட்டியை விரல் நுனியால் திருப்பித் தள்ளினார். மூடி இறுக்கிய பாட்டில். ஒரு சொட்டும் கசியவில்லை. கசிந்தது பெயர் மட்டும்தான்.

சகோதரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மட்டன்னு போட்டா துன்றானாம், மாடுன்னு போட்டா தள்றானாம். அப்போ ருசி நாக்குல இல்லண்ணா, காதுலதான் கீது."

இணையச் சந்தை வந்தபோது நமக்குச் சொல்லப்பட்ட பெரிய வாக்குறுதி என்ன? இங்கே முகம் தெரியாது, தெரு தெரியாது, பொருளும் விலையும் மட்டும்தான் பேசும் என்றார்கள். ஊர்ச்சந்தையில் நமக்கு நடப்பதை அறிந்தவர்களுக்கு அது சின்ன வாக்குறுதி அல்ல. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய ஆய்வை கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட் முதலியோர் 2006இல் நூலாக வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட பாதி கிராமங்களில் தலித்துகள் கறந்த பாலைக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ தனியாருக்கோ விற்க முடியவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கிராமங்களில் உள்ளூர்ச் சந்தையில் கடை விரிக்கவே முடியவில்லை. பசு நம் வீட்டில் நிற்கலாம், சாணியை நாம் அள்ளலாம். பால் மட்டும் நம் கையிலிருந்து போகக்கூடாது. இந்த நிலையில், "கை யாருடையது என்று தெரியாத சந்தை" என்றால் நம் பிள்ளைகள் நம்பத்தான் செய்வார்கள்.

ஆனால் கை தெரிந்துவிடுகிறது. பாட்டிலில் அடைத்த எந்த உணவுப் பொருளாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தயாரித்தவரின் பெயரும் முழு முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். அது நல்ல சட்டம். கெட்டுப்போன பொருளை விற்கிறவன் தப்பக்கூடாது. ஆனால் தமிழ்நாட்டில் முகவரி என்பது வெறும் முகவரியா? தெருப் பெயரைப் படித்ததுமே ஆளை அளந்துவிடுகிற நாடு இது. 'காலனி' என்கிற சொல் வசைச்சொல்லாக ஆகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் அன்றைய முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே அறிவிக்க வேண்டியிருந்தது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வை மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். தனியார் கம்பெனிகளின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி, விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, மேல்சாதிப் பெயருக்கு இருந்ததைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அங்கேயும் முகம் தெரியவில்லை. வெறும் காகிதம்தான்.

இது புதுக் கதையும் இல்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் திரும்பிய பாபாசாகேப் அம்பேத்கர் பரோடாவில் தங்க இடமில்லாமல் விரட்டப்பட்டு பம்பாய்க்கு வந்தார். பங்குகளில் பணம் போடுவோருக்கு ஆலோசனை சொல்லும் சிறு தொழில் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது. தொழிலை மூட வேண்டியதாயிற்று. 1920 ஜனவரி 31 அன்று அவர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதற்கு விளம்பரம் போடச் சொல்லி, காசு தருகிறோம் என்று கேட்டும், திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. காசுக்கு நிறமில்லை, சந்தைக்குச் சாதியில்லை என்று நமக்கு வகுப்பெடுக்கிற பொருளாதார மேதைகள் இந்த இரண்டு சம்பவங்களுக்கும் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். வந்த காசையே வேண்டாமென்று தள்ளுகிற வியாபாரி இந்த நாட்டில் மட்டும்தான் இருப்பான்.

சரி, அப்போது நம் முன்னோர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் பாட்டில் லேபிளுக்கு நான் விடை தேடினேன்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். நாலு பக்கம். கையிலிருந்தது பெரிய முதல் ஒன்றுமில்லை. அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லி நம்மை ஒதுக்குகிறார்களோ அந்தப் பெயரோடேயே எழுந்து நின்று உரிமை கேட்க வேண்டும், பெயரை ஒளித்துக்கொண்டு பெறுகிற மரியாதை நமக்கு வந்த மரியாதை ஆகாது என்பது அவர் வாதம். அயோத்திதாசப் பண்டிதர் இதை ஏற்கவில்லை. அந்தப் பெயர் எதிரி நம்மேல் ஒட்டியது, எதிரி ஒட்டிய லேபிளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார். சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பூர்வத் தமிழர் என்றும் சொன்னார். 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து அவர் கொண்டுவந்த வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. மறு வருஷம் 'தமிழன்' ஆனது. விலையையே பெயராக வைத்தவர் அவர். ஒரு பைசா இருக்கிறவன் எவனும் வாங்கலாம் என்று தலைப்பிலேயே அறிவித்தார்.

ஒருவர் இழிவென்று சொல்லப்பட்ட பெயரைக் கையிலெடுத்தார். இன்னொருவர் தானே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார். அவர்களுக்குள் கடும் சண்டை. அந்தச் சண்டை இன்றும் நம் கூட்டங்களில் முடியவில்லை. ஆனால் இருவரில் ஒருவர்கூட ஒளிந்துகொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். "மட்டன்னு போட்டுடுங்க" என்கிற மூன்றாவது வழியை இருவருமே எடுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'தமிழன்' யாருக்கு விற்றது? மயிலாப்பூர்க்காரர் வாங்குவார் என்று பண்டிதர் காத்திருக்கவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் மண்ணுக்கடியில் வேலை செய்தவர்களுக்கும் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர்களுக்கும் தபாலில் போனது. ஒரு தெருவில் பத்துப் பேர்கூட வாங்காத பத்திரிகை, கடல் தாண்டிச் சிதறிக் கிடந்த வாசகர்களை ஒரு சந்தாப் பட்டியலில் கூட்டி உயிரோடிருந்தது. இன்று வியாபாரப் படிப்பில் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் விற்க முயலாதே, உன் பொருளைத் தேடுகிற கொஞ்சப் பேர் எங்கெங்கோ இருப்பார்கள், அவர்களைக் கண்டுபிடி, அவர்களுக்கு மட்டும் விற்றால் போதும் என்கிறார்கள். தனிச்சந்தை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். தெருவில் கடை வைத்தால் நடந்து வரக்கூடிய தூரத்தில் வாங்குகிறவன் இருக்க வேண்டும். இணையத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. நம் சிறுபத்திரிகைகள் நூறு வருஷமாகத் தபாலில் செய்த வேலைதான் இது. நமக்கே நம் வித்தையைப் புதுசு என்று விற்கிறார்கள்.

இன்று நம் பெயரை வைத்தே விற்கத் துணிந்தவர்களும் இருக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தின் ஆசம்கர் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் 2016இல் 'தலித் ஃபுட்ஸ்' என்று இணையத்தில் கடை திறந்தார். மாங்காய் ஊறுகாய், மஞ்சள், மிளகாய்த் தூள் எல்லாம் விற்றார். இவற்றை ஆயிரம் கம்பெனிகள் விற்கின்றன. அவர் பெயரை மட்டும்தான் மாற்றினார். தலித் கை பட்டது என்று தெரிந்தே வாங்கித் தின்பீர்களா என்று நாட்டைக் கேட்டார். மும்பையில் சுதிர் ராஜ்பர் என்கிற ஓவியர், 2015இல் மகாராஷ்டிர அரசு காளை, எருது வெட்டுவதையும் தடை செய்தபின் தோல் வேலை இழந்து நின்ற தாராவிக் கைவினைஞர்களோடு சேர்ந்து பைகள் செய்தார். தோலுக்குப் பதில் கழிவு ரப்பர். அந்தப் பைக்கு 'சமார்' என்று பெயர் வைத்தார். வசையாக வீசப்படுகிற சாதிப் பெயர். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் மயாமி நகர வடிவமைப்புக் கண்காட்சிக்கு அவர்கள் செய்த நாற்காலிகள் போயின. பாடகி ரிஹானா அதில் உட்கார்ந்த படம் உலகமெல்லாம் சுற்றியது.

மகிழ்ச்சிதான். ஆனால் நம் பத்திரிகை கைதட்டலோடு நிறுத்திக்கொள்கிற பத்திரிகை இல்லை. 'சமார்' பையை வாங்குகிறவர் சமார் ஒருவருக்குத் தன் வீட்டை வாடகைக்கு விடுவாரா? 'தலித்' ஊறுகாயைத் தட்டில் வைக்கிறவர் தன் சமையலறைக்குள் தலித் பெண்ணை விடுவாரா? 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அரசு வேலை, அரசு அரிசி, அரசு அடுப்பு. சமைத்த கை மட்டும் பிரச்சினை. அழகான தாளில் சுற்றித் தூரத்திலிருந்து அனுப்பும்போது இதே கை 'பாரம்பரியம்' ஆகிவிடுகிறது. தூரம் இருக்கிறவரை தீட்டு இல்லை. இந்தத் தூரத்தைத்தான் இணையச் சந்தை விற்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

அதிலும் நம் சகோதரியின் பாட்டிலில் இருப்பது மாங்காய் இல்லையே, மாட்டுக்கறி. ஊறுகாயின் பெயரில் மட்டுமில்லாமல் ஊறுகாய்க்குள்ளேயே நாம் இருக்கிறோம். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த இருந்தது. ஆம்பூரில்! அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். தலித் அமைப்புகளும் இசுலாமிய அமைப்புகளும் எதிர்த்தன, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். 2024 மார்ச் 19 அன்று சொமாட்டோ நிறுவனம் சுத்த சைவச் சாப்பாட்டுக்கென்று தனி ஆட்கள், பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பச்சைச் சட்டையை மட்டும் கைவிட்டது. தனி ஆட்களை வைத்துக்கொண்டது. சிவப்புச் சட்டைக்காரன் கறி கொண்டுவருகிறவன் என்று அடுக்குமாடி வாசலில் தடுத்தால் அந்தத் தொழிலாளி எங்கே போவான்? இரட்டைக் குவளையை டீக்கடையிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றிவிட்டார்கள் என்று அன்று நான் சொன்னேன். மிகைப்படுத்துகிறேன் என்றார் ஒரு தோழர். அவர் இந்த மூன்று வாரம் எங்களோடு பார்சல் கடை ஏறி இறங்கியிருக்க வேண்டும்.

இங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் நமக்கு அறிவுரை வருகிறது. ஒரு பக்கம் நம் இடதுசாரித் தோழர்கள். வியாபாரத்தால் விடுதலை வராது, இது ஒருத்தி ரெண்டு பேரைக் குட்டி முதலாளி ஆக்குகிற வேலை என்கிறார்கள். இன்னொரு பக்கம் 2005இல் தொடங்கிய தலித் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பின் வழியைக் காட்டுகிறவர்கள். வேலை கேட்காதே, வேலை கொடு, மூலதனம் சாதியை உடைக்கும் என்கிறார்கள்.

முதல் தோழர்களுக்கு: ஆவடியைச் சுற்றியுள்ள நம் குடும்பங்கள் எதனால் நிமிர்ந்தன என்று யோசியுங்கள். கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் தந்த நிரந்தர வேலை, அதற்குள் பாபாசாகேப் பெற்றுத்தந்த இடஒதுக்கீடு. அப்பா காக்கிச் சட்டை போட்டுச் சைக்கிளில் போனார், பிள்ளை கல்லூரிக்குப் போனான். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தையே கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். இன்று அந்தக் கல்லூரி முடித்த பிள்ளைக்குக் கிடைப்பது ஒப்பந்த வேலை, கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை, அல்லது முதுகில் பை மாட்டி அடுத்தவன் சோற்றைச் சுமக்கிற வேலை. இந்தத் தொழிலாளர்களுக்கு 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்தது சரிதான். ஆனால் வாரியம் சம்பளம் தராது. அடுப்பு எரிய வேண்டும். புரட்சி வருகிறவரை ஊறுகாய் போடக்கூடாது என்று அந்தச் சகோதரியிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது தோழர்களுக்கு: நூறு தலித் கோடீசுவரர்கள் வந்தாலும் பார்சல் கடைக்காரனின் விரல் நுனி மாறாது. மூலதனம் சாதியை உடைக்கும் என்றால், மேலே சொன்ன ஆன்லைன் கடைக்கு மூலதனத்தில் என்ன குறைச்சல்? அவ்வளவு பெரிய மூலதனம் ஒரு சொல்லுக்குப் பயந்து நிற்கிறதே. அரசு வேலையும் இடஒதுக்கீடும் நம் உரிமை. ஊறுகாய் பாட்டிலைக் காட்டி அதைக் கைவிடச் சொன்னால் பாட்டிலும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம்.

எங்கள் நிலைப்பாடு இது. விற்போம். ஒளிக்காமல் விற்போம். வாங்குகிறவர்களின் பட்டியல் நம் கையில் இருக்கும்படி விற்போம்.

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய ஆன்லைன் கடையில் நீங்கள் விற்றால் வாங்கியவரின் தொலைபேசி எண் உங்களுக்குத் தெரியாது. ஆர்டர் வரும், அனுப்புவீர்கள், கமிஷன் போக மிச்சம் வரும். உங்கள் பாட்டிலை வாங்கியவர் யார், திரும்ப வாங்குவாரா என்பதெல்லாம் அவர்களிடம். நாளை உங்கள் பெயரை அவர்கள் நீக்கினால் வாடிக்கையாளர் ஒருவர்கூட உங்களோடு வரமாட்டார். பண்ணையார் நிலத்தில் குடிசை போட்ட கதைதான். உழைப்பு நம்முடையது, பட்டா அவனுடையது. இதற்கு மாறாக, நம் பொருளை விரும்பித் தேடுகிற முந்நூறு பேரின் பெயரும் முகவரியும் ஒரு நோட்டில் நம்மிடம் இருந்தால், மாதம் ஒரு பாட்டில் என்று வைத்தாலும் ஒரு குடும்பம் பிழைக்கும். பெரிய கடைகள் கதவைச் சாத்தினாலும் அந்த நோட்டு இருக்கும். 'மூக்நாயக்' விளம்பரத்தை 'கேசரி' மறுத்ததால் 'மூக்நாயக்' வராமல் போய்விடவில்லை.

இந்த வழியில் இறங்குகிற தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. சொல்லிவிடுகிறேன், ஏமாந்தபின் சொல்லிப் பயனில்லை. உணவுப் பொருள் என்றால் வீட்டு அடுப்பாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து அந்த எண்ணை லேபிளில் போட வேண்டும். சேர்மானங்கள், தயாரித்த தேதி, முகவரி, அசைவத்துக்கான பழுப்புக் குறி எதையும் விடக்கூடாது. நம் தவறுக்காகவே காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. 2017இல் வந்தபோது, ஆன்லைன் சந்தை வழியே பொருள் விற்கிறவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும் என்றிருந்தது. தெருக்கடைக்காரருக்கு விலக்கு, வீட்டிலிருந்து விற்கிற பெண்ணுக்கு விலக்கில்லை. 2023 அக்டோபர் 1 முதல்தான் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறியவர்களுக்கு அது தளர்ந்தது. நம் பொருள் மாட்டுக்கறி என்பதால் இன்னொரு எல்லையும் உண்டு. தமிழ்நாட்டில் மாட்டுக்கறி தின்பது குற்றமில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டம், எந்த மாட்டை வெட்டலாம் என்பதற்குச் சான்றிதழ் கேட்கிறது, அவ்வளவுதான். மாநில எல்லை தாண்டினால் சட்டம் வேறு. இங்கே ஊறுகாயாக இருக்கிற அதே பாட்டில் இன்னொரு மாநிலத்தில் வழக்காகலாம், அதைச் சுமந்துபோகிற ஏழைத் தொழிலாளி அடிபடலாம். அதனால் இப்போதைக்குத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று முடிவு செய்தோம். பின்வாங்கல்தான். சுமக்கிறவன் உடம்பை வைத்து நாம் வீரம் பேசக்கூடாது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முற்போக்கு நண்பர் ஒருவர், "பாவம், கஷ்டப்படுறாங்க, பத்து பாட்டில் குடுங்க" என்றார். சகோதரி தரவில்லை. "துன்றதுக்கு வேணும்னா வாங்கு சாமி, பாவத்துக்கு வாங்காத" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தனிச்சந்தையில் இருக்கிற பெரிய ஆபத்து இதுதான். நம் பொருள் நல்லவர்களின் நல்லெண்ணக் காணிக்கை ஆகிவிடும். ஒரு முறை வாங்குவார்கள், படம் எடுப்பார்கள், மறந்துவிடுவார்கள். ருசிக்காக இரண்டாவது பாட்டில் கேட்கிறவர்தான் வாடிக்கையாளர். கறி விலை, எண்ணெய் விலை, பாட்டில், பார்சல், அதற்குமேல் அந்த அம்மாவின் ஒருநாள் கூலி, எல்லாம் சேர்த்துத்தான் விலை. கூலியை விட்டுவிட்டு விலை போடுகிற பழக்கம் நமக்கு யார் பழக்கியது என்று சொல்லத் தேவையில்லை.

நம் பத்திரிகைக்கும் இது பொருந்தும். தபாலை நம்பித்தான் நாம் வளர்ந்தோம். பதிவு நூல் அஞ்சல் என்று குறைந்த கட்டணத்தில் புத்தகம் அனுப்பிய வசதி 2024 டிசம்பரில் திடீரென்று நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்தது. பாடநூலுக்கும் பண்பாட்டு நூலுக்கும் சலுகை, பருவ இதழுக்கு அதில் இடமில்லை. பெரிய பத்திரிகைக்கு இது ஒரு செய்தி. நமக்கு இது மூச்சு. சந்தாவைப் புதுப்பிக்காமல் "அப்புறம் தர்றேன் தோழர்" என்கிற ஒவ்வொருவரும் அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழிக்கிறார். கோபத்தோடு எழுதவில்லை, கணக்கோடு எழுதுகிறேன்.

லேபிளுக்கு வருகிறேன். பிள்ளை முதலில் 'கிராமத்துக் கைமணம்' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தான். நான் 'பறையன்' கதையையும் 'தமிழன்' கதையையும் சொன்னேன். சாதிப் பெயரையே போடலாமா என்றுகூட ஒரு நாள் பேசினோம். பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. சகோதரி யோசித்துவிட்டுச் சொன்னார்: "சாதிய சொல்லி நான் ஏண்டா விக்கணும்? அவன் குடுத்தது அது. நான் போட்டது ஊறுகா. இன்னா போட்டனோ அத எழுது, எங்க போட்டனோ அத எழுது."

அப்படியே எழுதியாயிற்று. மேலே பெரிய எழுத்தில் 'மாட்டுக்கறி ஊறுகாய்'. கீழே 'சேக்காடு'. அதற்குக் கீழே, சட்டம் கேட்கிறபடி, தெருப் பெயரோடு முழு முகவரி. முதல் தடவை போட்டதில் பாதிதான் போயிருக்கிறது. பாட்டிலைத் தள்ளிய பார்சல் கடை இன்னும் எடுப்பதில்லை. பிள்ளை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். அங்கேயும் உள்ளே என்ன என்று கேட்டார்கள். சொன்னான். எடைபோட்டு ரசீது கொடுத்தார்கள்.

நோட்டில் இதுவரை நாற்பத்தொரு பெயர்.